ஒருவராலும் மாற்ற முடியாத ஒப்பந்தம்

"இந்த ஒப்பந்தத்த ஒருத்தராலயும் மாத்த ஏலாது" என்று அந்தப் பிள்ளை சொன்னபோது நாங்கள் கை தட்டினோம். பழுகாமத்தில் கமக்காரர் கூட்டம். மட்டக்களப்பு நகரிலிருந்து ஒரு நிறுவனத்தின் சார்பில் வந்திருந்தாள். வெள்ளாமைக்குக் காப்புறுதி. பிளொக்செயின் என்ற கணினிப் பதிவேடு ஒன்றில் ஒப்பந்தத்தை எழுதி வைப்பார்களாம். வெள்ளம் வந்தால் ஆள் வந்து பார்க்கத் தேவையில்லை, யாரும் கையெழுத்து வைக்கத் தேவையில்லை, பணம் தானாக வரும்.

ஏன் கை தட்டினோம் என்று எனக்குத் தெரியும். வெள்ளம் வந்த வருடமெல்லாம் எங்கள் பெயரை எழுதிக்கொண்டு போவார்கள். நட்டஈடு மட்டும் வயலே இல்லாதவனுக்குக் கிடைக்கும். கேட்டால் மேலிடத்தில் மாற்றிவிட்டார்கள் என்பார்கள். மனிதன் கை வைக்க முடியாத ஒன்று என்றதும் எங்களுக்கு இனித்தது.

வயல் என்னுடையது, சீதனமாக வந்தது. என் புருசன் இறந்த பிறகு அதைச் செய்யப் பொறுப்பெடுத்தவன் தம்பி. கட்டாரில் வேலை செய்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தான். வந்த புதிதில் அவன் மகள் அவனை அங்கிள் என்று கூப்பிட்டாள். அவன் சிரித்தான். பிறகு கிணற்றடியில் போய் வெகுநேரம் முகம் கழுவினான். "இந்த வெள்ளாம சரிவந்தா இனிப் போகமாட்டன் அக்கா" என்று அன்றைக்குத்தான் சொன்னான்.

கூட்டத்தில் கேள்வி கேட்டவனும் அவன்தான். "தங்கச்சி, மழ இல்லாமலும் இஞ்ச வெள்ளம் வரும். மேல குளத்தில வான்கதவத் திறந்தா எங்கட வயல் வட்டை முழுக்கத் தண்ணிக்குள்ள தாண்டிரும். அதுக்கு என்ன செய்யிற?"

"அதுவும் பாத்திரிக்கம் அண்ணன். குளத்து நீர்மட்டம் வேறொரு செயின்ல பதியுது. எங்கட ஒப்பந்தம் இன்னொரு செயின்ல இரிக்கி. ரெண்டும் பேசிக்கொள்ளும்."

பின்னாலிருந்து ஒரு கிழவர், "என்ட ரெண்டு சம்பந்திமாரும் பேசுற மாதிரியோ புள்ள?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். "அதவிட நல்லாப் பேசும் மாமா."

தம்பி கட்டாரில் உழைத்து வந்ததை வயலில் போட்டான். நெல் குடலைப் பருவத்தில் நின்றபோது வெள்ளம் வந்தது. அன்று இங்கே வெயில் எறித்தது. மேலே குளத்தைத் திறந்துவிட்டார்கள். கீழே வாவியும் நிரம்பியிருந்ததால் தண்ணீர் வடிய இடமில்லை. வட்டை அழுகி மணக்கும்வரை நின்றது. தம்பி இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஒரு நெற்பயிரைப் பிடுங்கி நகத்தால் கீறினான். உள்ளே வெளிவராத கதிர் கறுத்துப் போயிருந்தது. கொண்டுவந்து என் கையில் தந்தான்.

பணம் வரும் என்று பார்த்திருந்தோம். போனில் தகவல் வந்தது. பாதிப்பு இல்லை, இந்தப் போகத்துக்கான ஒப்பந்தம் நிறைவடைந்தது. பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு சரி அடையாளம்.

அந்தப் பிள்ளை வீட்டுக்கே வந்தாள். தேத்தண்ணீர் கொடுத்தோம், குடிக்கவில்லை. குளத்துக் கணக்கு அந்தச் செயினில் சரியாகத்தான் பதிந்திருக்கிறதாம். ஆனால் இரண்டு செயினுக்கும் இடையிலுள்ள இணைப்பில் யாரோ பணம் திருடப் பார்த்ததால், அதை நடத்துகிறவர்கள் பாதுகாப்புக்காக மூடி வைத்திருந்தார்களாம். செய்தி போய்ச் சேரவில்லை. ஒப்பந்தம் தன் தவணைவரை பார்த்துவிட்டுத் தானாக முடிந்துவிட்டது.

"தண்ணி வந்தது உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"தெரியும் அக்கா."

"உன்ட கம்பனிக் கந்தோருக்கு?"

"ஓம்."

"அப்ப மாத்து."

"மாத்த ஏலாதக்கா. ஒருத்தராலயும்..." என்றாள். அடுத்த போகத்துக்குத் திருத்துவார்களாம்.

வாயில் வந்ததெல்லாம் ஏசினேன். தம்பிதான் தடுத்தான். "உடு அக்கா. அதுவும் சம்பளத்துக்கு வந்த புள்ள."

முன்பு பொய் சொன்ன உத்தியோகத்தனுக்கு ஒரு வாசல் இருந்தது. போய் நின்று கத்தலாம், மண் அள்ளித் தூற்றலாம். அவன் தலையாவது குனிவான். இதில் நான் எங்கே போய் நிற்க? சாபம் போடவும் ஒரு முகம் வேண்டும். இருந்த ஒரே முகம் அந்தப் பிள்ளையின் முகம், அதுவும் அழுதுகொண்டிருந்தது.

தம்பி திரும்பக் கட்டாருக்குப் போனான். அதற்குள் மகள் அவன் கையில் தலை வைத்துத்தான் தூங்கப் பழகியிருந்தாள்.

இந்தப் போகம் கூலிக்கு ஆள் பிடித்து நானே செய்தேன். காப்புறுதி ஒன்றும் எடுக்கவில்லை. வெள்ளமும் வரவில்லை, நல்ல விளைச்சல். நெல் வெட்டு நடக்கும்போது தம்பி போனில் வந்தான். அவன் மகளைக் கூப்பிட்டேன். போனில் அவன் முகத்தைக் கண்டதும் எனக்குப் பின்னால் ஒளிந்தாள்.

"ஆரு புள்ள அது?" என்றேன்.

"போன்ல வாற அப்பா."

தம்பிக்கு அது கேட்டது.

"வெள்ளாம எப்படி அக்கா?" என்றான்.

நல்லாயிருக்கிறது என்றேன்.