விழக்கூடாது என்று முடிந்த பதினோரு ரூபாய்

என் கணவருக்கு லாட்டரி விழவே கூடாது என்று மூன்று வருடம் அம்மனிடம் அழுதவள் நான். சிரிக்காதீர்கள். வெள்ளிக்கிழமை வழிபாட்டில் என் பக்கத்தில் உட்காரும் உங்களில் பலருக்கு அப்போது என் வீடு இருந்த நிலைமை தெரியாது.

அவர் பெயர் முருகவேல். அரசுத் துறையில் டிரைவர். முத்தியால்பேட்டையில் எங்களோடு இருந்தவரை பீடி, வெற்றிலை என்று ஒரு பழக்கமும் கிடையாது. மாஹேவுக்கு மாற்றல் வந்தது. மாஹே நம் புதுச்சேரியைச் சேர்ந்ததுதான், ஆனால் சுற்றிலும் கேரளா. பாலத்தைத் தாண்டினால் லாட்டரிக் கடை. முதலில் டீ குடிக்கப் போன இடத்தில் ஒரு சீட்டு வாங்கினார். அப்புறம் தினம் ஒன்று. அப்புறம் டீயை விட்டுவிட்டார், சீட்டை விடவில்லை.

மாதம் ஒருமுறை வீட்டுக்கு வருவார். துவைக்கத் துணியை எடுத்தால் பையில் துணியைவிடப் பழைய சீட்டுகள்தான் அதிகம் இருக்கும். ரூம் அட்வான்ஸுக்கு என்று சொல்லி என் தாலிச் செயினை வாங்கிப் போய் அடகு வைத்தார். மீட்க முடியாமல் அது மூழ்கியே போய்விட்டது. மஞ்சள் கயிற்றோடு சேதராப்பட்டு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்தேன். ஒருநாள் என் மகள் யாழினி, "அப்பாவுக்கு நம்மள விட அந்தப் பேப்பர்தான் முக்கியமாம்மா?" என்று கேட்டாள். இந்த மனுஷனோடு இனி வாழ முடியாது என்று அன்றைக்கு நினைத்தேன்.

அந்த ஆடி வெள்ளியில் மஞ்சள் துணியில் பதினோரு ரூபாய் முடிந்து சாமி படத்துக்குக் கீழே வைத்தேன். "தாயே, அவர் இந்தச் சீட்டை விடணும். என் புருஷன் எனக்குத் திரும்பி வரணும். அதுவரைக்கும் ஒண்ணுகூட விழக்கூடாது. விழுந்தா ஜென்மத்துக்கும் விடமாட்டார்." இதுதான் என் வேண்டுதல்.

எனக்காகக் கூடவே வேண்டிக்கொண்டவர் கனகசெட்டிக்குளம் தனம் அக்கா. என்னோடு பேக்கிங்கில் இருந்தவர், சிறுநீரகம் கெட்டுப்போய் வேலையை விட்டவர். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். விடியும்போதே பஸ் பிடித்து டவுனுக்கு வருவார். முடிந்ததும் பஸ்ஸில் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டே திரும்புவார். ஒருமுறை பஸ் நிறுத்தத்தில் மயங்கி விழுந்து நெற்றியில் தையல் போட்டார்கள். அந்த நிலைமையிலும் என் வீட்டுக்காகக் கண்ணீர் விட்ட மனுஷி அவர்.

மூன்று வருடம் ஒரு சீட்டும் விழவில்லை. அம்மன் கேட்கிறாள் என்று தைரியமாக இருந்தேன். அதற்கடுத்த தை மாதத்தில் விழுந்துவிட்டது. ஐந்து லட்சம்.

அவர் போனில் சொன்னதும் சாமி படத்தைப் பார்த்து, "இன்னாடி இப்டிப் பண்ணிட்ட?" என்று கத்தினேன். அம்மனை வாழ்க்கையில் ஒரே ஒருமுறை 'டி' போட்டது அப்போதுதான். ஆனால் பாருங்கள், உலையில் அரிசி வேகும் முன்பே என் மனசு செயினுக்குப் போய்விட்டது. இரண்டு சவரனா, மூன்று சவரனா என்றுதான் யோசனை.

வரி, ஏஜென்ட் கமிஷன் எல்லாம் போக மூன்று லட்சத்துச் சொச்சம் வந்தது. பணம் பேங்கில் ஏறியதும் லீவு போட்டு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நேராகச் சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றார். மஞ்சள் முடிச்சைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"எனக்கு விழணும்னு காசு முடிஞ்சி வச்சியா செல்வி? என்னாண்ட ஒரு வார்த்த சொல்லலியே! இன்னா வேண்டிக்கின? சொல்லு, மொதல்ல அதச் செஞ்சிடலாம்."

நம் வீடுகளில் முடிச்சைப் பார்த்தால் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் போதும், செயின் அன்றைக்கே கழுத்துக்கு வந்திருக்கும். சொல்ல வாயைத் திறந்தும் விட்டேன். ஆனால் அம்மன் எதிரில் பொய் வரவில்லை.

"விழக்கூடாதுன்னுதான் முடிஞ்சேன். நீ இத விடணும்னு முடிஞ்சேன். இப்ப என்னை இன்னா வேணா திட்டிக்கோ."

அவர் திட்டவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சட்டைப்பையிலிருந்து நாலு சீட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். எல்லாம் புதுச் சீட்டு.

"பரிசு விழுந்த அப்பறம் வாங்கினது. இப்பவும் கை சும்மா இருக்க மாட்டேங்குது. இந்தக் காசு வூட்ல இருந்தா என்னால விட முடியாது செல்வி. முழுசா யாருக்குனா குடுத்துடலாம்."

சந்தோஷப்பட வேண்டியவள் நான். அதற்குப் பதிலாகச் சண்டை போட்டேன். "எஞ் செயின முழுங்கினியே, அத மொதல்ல குடு! அப்பறம் போய் தர்மம் பண்ணு!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன். எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருப்பது இந்த இடம்தான்.

அடுப்படிக்குப் போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன். அப்போதுதான் உறைத்தது. நான் அம்மனிடம் கேட்டது செயின் இல்லை, என் புருஷனை. அவர் விட்டுவிடுகிறேன் என்று வந்து உட்கார்ந்திருக்கிறார். இப்போது விடமாட்டேன் என்பது நான்.

வெளியே வந்து, "ஆட்டோ வாங்கலாம்" என்றேன். "தனம் அக்காவுக்கும், அவங்க கூட டயாலிசிஸ் போறவங்களுக்கும். காசு வாங்கக் கூடாது."

"வாங்கலாம். நான் மாஹேல கெடக்கறேன், யாரு ஓட்றது?"

"நான் ஓட்றேன்."

சைக்கிள்கூட ஒழுங்காக ஓட்டாதவள் சொன்ன வார்த்தை அது. எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அம்மன்தான் என்பேன். ஒரு மைதானத்தில் பழகினேன். இரண்டு தடவை வேலியில் மோதினேன். லைசென்ஸ் வாங்கினேன். கம்பெனியில் கேட்டு இரண்டாம் ஷிப்டுக்கு மாறினேன். முதல் நாள் தனம் அக்கா ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, கம்பியைப் பிடிக்காமல் கையை மடியில் வைத்துக்கொண்டார். அதைக் கண்ணாடியில் பார்த்தேன். கண்ணீர் எனக்கு ரோட்டை மறைத்தது.

ஐப்பசியில் அவருக்குப் புதுச்சேரிக்கே மாற்றல் கிடைத்தது. ஊர் வந்தவரின் பையை உதறிப் பார்த்தேன், ஒரு சீட்டுகூட இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை முடிச்சை அவிழ்த்து உண்டியலில் போட்டேன். இப்போது காலையில் மூன்று பேரை அழைத்துவருவது அவர், திரும்பக் கொண்டுபோய் விடுவது நான். பெட்ரோல் எங்கள் சம்பளத்தில். யாழினி தன் சிநேகிதிகளிடம், "எங்க அம்மா ஆட்டோ ஓட்றாங்க" என்று தெரு முழுக்கச் சொல்கிறாள். சொல்லட்டும்.

கம்பெனி வேனில் ஒருத்தி கேட்டாள், "அஞ்சு லட்சம் விழுந்தும் மஞ்சக் கவுறுதானாக்கா?" என்று. "எஞ் செயினு மூணு சக்கரத்துல ஓடுது. கனகசெட்டிக்குளம் ரோட்ல நின்னு பாரு" என்றேன்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் விடாத பழக்கம் ஒன்று இருக்கலாம். நம்பி முடிந்து வையுங்கள். எப்படிச் செய்ய வேண்டும் என்று மட்டும் அம்மனுக்குச் சொல்லித்தராதீர்கள். நான் சொல்லித்தந்தேன், அவள் கேட்கவே இல்லை. நான் எது நடக்கக் கூடாது என்று அழுதேனோ, அதை நடத்தித்தான் என் புருஷனை என்னிடம் கொடுத்தாள்.