அப்பா கேமராவில் விழுந்த சாரல்

எங்கள் அப்பாவின் கேமராவில் சித்திரை வெயிலிலும் சாரல் விழும். தென்காசி கோயில் வாசலில், தரை கொதிக்கிற உச்சி வேளையில், அம்மாவும் அத்தையும் கால் மாற்றி மாற்றி நின்று எடுத்துக்கொண்ட படம் ஒன்று இன்னும் இருக்கிறது. அதிலும் லேசாக வெண்புகை படர்ந்து, இருவர் முகமும் அப்போதுதான் அருவியிலிருந்து வந்த மாதிரி குளிர்ந்து தெரியும். "அண்ணாச்சி கேமராவுக்குள்ள குத்தாலம்லா இருக்கு!" என்று சொந்தக்காரர்கள் வாயைப் பிளப்பார்கள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது நான் மட்டும், "சித்திரையில எங்க இருந்துப்பா சாரல் வந்துது?" என்று கேட்டு உச்சந்தலையில் ஒரு குட்டு வாங்கினேன். ராணுவத்தில் இருந்தபோது அவர் பூனாவில் எடுத்த பழைய படங்கள் பளிச்சென்று இருக்கும். அங்கே வெயில் அதிகம் என்று நாங்களே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

அது மடக்குக் கேமரா. மூடியிருந்தால் தடித்த புத்தகம் போல இருக்கும். பொத்தானை அமுக்கினால் முன்பலகை கீழே விழுந்து, கறுப்புத் தோல் துருத்தியை இழுத்துக்கொண்டு லென்ஸ் வெளியே வரும். ஒரு ரோலுக்கு எட்டே படம். அதனால் படம் எடுக்கும் நாளில் கண் சிமிட்டியவருக்கு வீட்டில் மரியாதையாகச் சோறு கிடைக்காது. எழுபதுகள் முடியும்போது அப்பாவுக்குக் கை நடுக்கம் வந்து, காபி டம்ளரே தளும்ப ஆரம்பித்தது. கேமரா பீரோவுக்குள் போய்விட்டது.

அக்காவுக்கு இடது கன்னத்திலிருந்து கழுத்து வரை ஒரு தழும்பு. நாலு வயதில், சோறு வடித்துக்கொண்டிருந்த அம்மாவைப் பின்னாலிருந்து ஓடி வந்து கட்டிக்கொண்டாள். கொதிக்கிற கஞ்சி அவள்மேல் கொட்டிவிட்டது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அதைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லை. அக்கா வெளியே கிளம்பினால் அம்மா அவள் முந்தானையைக் கழுத்தோடு ஏற்றி விடுவாள், அவ்வளவுதான். ஆய்க்குடியில் அவள் டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்தில் இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. முதல் நாளே பிள்ளைகள், "டீச்சர், இது என்னது?" என்று கேட்டுவிடும். "கஞ்சி கொட்டிட்டுலே" என்பாள். அவை பாட்டுக்குச் சிலேட்டை எடுத்துக்கொள்ளும்.

பெண் பார்க்க இரண்டு குடும்பம் வந்தது. இரண்டுக்கும் அப்பா முன்பு எடுத்த சாரல் படத்தைத்தான் அனுப்பியிருந்தோம். அதில் அக்காவின் கன்னம் வெண்ணெய் போல இருக்கும். அவள் காபித் தட்டோடு வந்து நின்றதும் அவர்கள் அவளைப் பார்த்தார்கள், கையிலிருந்த படத்தைப் பார்த்தார்கள், பிறகு தரையைப் பார்த்தார்கள். ஊருக்குப் போய் எழுதுகிறோம் என்று கேசரியை மட்டும் மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டுப் போனார்கள். எனக்கு அவர்கள் பின்னாலேயே போய் நாலு வார்த்தை கேட்க வேண்டும் போல இருந்தது. இரண்டாவது தடவை அக்கா டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னாள்: "இன்னும் ஒரே ஒரு தடவ நிக்கேன். அவுகளும் இப்படித் தரையப் பாத்தா, அப்புறம் என்னக் கூப்பிடக் கூடாது."

அவள் சொன்னால் சொன்னதுதான். எங்களுக்குத் தெரியும்.

அடுத்த வரன் சிவகிரியிலிருந்து வந்தது. மாப்பிள்ளை போலீஸ். படம் கேட்டார்கள். பழைய படத்தில் மிச்சம் பிரதி இல்லை, நெகட்டிவும் ஒட்டிக்கொண்டு பாழாகியிருந்தது. ஸ்டுடியோவுக்குப் போகலாம் என்றேன். அப்பா ஒரே பிடிவாதம். "ஸ்டுடியோக்காரன் லைட்ட நேரா மூஞ்சில அடிப்பான். நம்ம கேமராவுலயே எடுப்போம். என் கைதான் ஆடுது, நீ எடு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை அந்தக் கேமராவைத் தொட்டதற்கே திட்டு வாங்கியவள் நான்.

அப்போது குற்றாலத்தில் காலேஜில் பிசிக்ஸ் படித்துக்கொண்டிருந்தேன். அந்தத் திமிரும் சேர்ந்துகொண்டது. கேமராவைத் திறந்து லென்ஸை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், கண்ணாடி முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு, அதன்மேல் தூசி, நடுவில் ஒரு விரல் ரேகை. அருவியில் குளிக்கப் போகிறவர்கள் எண்ணெய் தேய்த்துக்கொள்வார்கள் அல்லவா, அப்பா அந்தக் கையோடு லென்ஸைத் தொட்டிருக்கிறார் என்று நினைத்தேன். இத்தனை வருஷமாக இதைத்தான் ஊரே சாரல் என்று கொண்டாடியதா! தனியாக உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். மறுநாள் காலேஜ் லேபிலிருந்து பஞ்சில் கொஞ்சம் ஸ்பிரிட் கொண்டு வந்து கண்ணாடி மின்னும்வரை துடைத்து வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. படம் வரும்போது அசந்து போவார்கள் என்று காத்திருந்தேன்.

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலு பேரும் டவுன் பஸ்ஸில் குற்றாலம் போனோம். கூட்டத்தைத் தாண்டி, ஐந்தருவி ரோட்டில் ஒரு மரத்தடியில் அக்காவை நிறுத்தினோம். நீலச் சேலை கட்டியிருந்தாள். படம் முடிந்ததும் குளிக்கலாம் என்று அம்மா ஒயர் கூடையில் துண்டும் நல்லெண்ணெய் குப்பியும் கொண்டு வந்திருந்தாள். சாரல் விட்டு விட்டு விழுந்ததால் கேமராவுக்கு மேல் குடை பிடிப்பது அம்மாவின் வேலை. நான் துருத்தியை விரித்தேன். அப்பா என் காதருகே வந்தார்.

"கண்ணாடியத் தொடச்சியாட்டி?"

"பளிச்சுன்னு தொடச்சிட்டேன்ப்பா. பூரா எண்ணெப் பிசுக்கு."

அவர் முகம் செத்துப்போயிற்று. கூடையிலிருந்து குப்பியை எடுத்து, விரலில் எண்ணெயைச் சாய்த்தார். நடுக்கத்தில் பாதி வேட்டியில் கொட்டியது. மிச்சத்தோடு அந்த விரல் கேமராவை நோக்கி வந்தது. நான் கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

"என்னப்பா செய்யுதிய?"

"லேசா ஒரு பூச்சு போதும். பூனாவுல ஸ்டுடியோக்காரன் பொம்பளயாள எடுக்கையில லென்ஸ்ல வாசலின் களிம்பு தடவுவான். முகத்துல உள்ளதெல்லாம் மறஞ்சிரும். நான் எண்ணெ தடவுவேன்."

"அத்தைக்கு எதுக்குத் தடவுனிய? அம்மாவுக்கு எதுக்கு? எல்லாப் படத்துக்குமா?"

"இவளுக்கு மட்டும் தடவுனா இவளுக்குத் தெரிஞ்சிரும்லாட்டி" என்றார் அப்பா.

ஒரு பிள்ளையின் கன்னத்துக்காக மொத்தச் சொந்தபந்தத்தையும் இத்தனை வருஷம் பனிமூட்டத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார் இந்த மனுஷன். நானோ அதை வெறும் பிசுக்கு என்று சிரித்து, கண்டுபிடித்துவிட்டதாகப் பீற்றிக்கொள்ளவிருந்தேன்.

அக்காவுக்கு எல்லாம் கேட்டுவிட்டது. மரத்தடியிலிருந்து நடந்து வந்தாள். சண்டை போடப் போகிறாள் என்றுதான் பயந்தேன். அவள் அப்பாவின் விரலைப் பார்த்தாள். எண்ணெய் உள்ளங்கைக்கு வழிந்துகொண்டிருந்தது. அவர் முன்னால் தலையைக் குனிந்து, "இங்கன வைங்கப்பா" என்றாள்.

அப்பாவுக்குப் புரியவில்லை. அவளே அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தன் உச்சியில் வைத்துக்கொண்டாள். தீபாவளிக் காலையில் வைப்பது போல அவர் அவள் தலையில் எண்ணெயை வைத்துத் தேய்த்தார். கை ஆடிக்கொண்டேதான் இருந்தது. அப்பா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அம்மா குடையால் தன் முகத்தை மறைத்துக்கொண்டாள். நானும் அழுதேன், ஆனால் சத்தம் போட்டு: "குடைய இங்கன பிடிங்கம்மா, கேமரா நனையுது!"

அக்கா மரத்தடிக்குத் திரும்பிப் போனாள். கழுத்தோடு ஏற்றியிருந்த முந்தானையை இறக்கிவிட்டாள். "கிட்ட வந்து எடுட்டி" என்றாள். அந்தக் கேமராவில் எவ்வளவு கிட்டப் போக முடியுமோ அவ்வளவு கிட்டப் போனேன்.

படத்தில் சாரல் இல்லை. இமை மயிர் தெரிந்தது, வகிட்டில் எண்ணெய் மினுமினுத்தது, தழும்பின் ஒவ்வொரு சுருக்கமும் தெரிந்தது. அக்கா அவ்வளவு அழகு என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது. அப்பா அதை நெடுநேரம் வைத்துப் பார்த்தார். "நல்லா விழுந்திருக்கு" என்று சிவகிரிக்கு அனுப்ப அவரே உறைக்குள் போட்டார்.

ஆவணியில் சிவகிரிக்காரர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா வாட்டசாட்டமான பெண்மணி. அக்கா கொடுத்த காபியை வாங்கி ஒரு வாய் குடித்தார். அவள் முகத்தை நேராகப் பார்த்து, "கன்னத்துல என்னம்மா, தீயா?" என்று கேட்டார்.

அடுக்களையில் ஒரு கரண்டி விழுந்தது. நான் சண்டைக்குத் தயாரானேன்.

"இல்ல அத்தை, கஞ்சி. நாலு வயசுல" என்றாள் அக்கா.

"அடி ஆத்தே! பச்சப் பிள்ளைக்கு எப்படி எரிஞ்சிருக்கும்!"

"எனக்கு ஞாபகம் இல்ல. எங்க அம்மாவுக்குத்தான் இன்னும் எரியுது."

அந்த அம்மாள் தரையைப் பார்க்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார், யாரையும் கேட்காமல் எழுந்து அடுக்களைக்குள் போனார். முதலில் அவர் குரல் மட்டும் கேட்டது. பிறகு அம்மாவின் குரல். கல்யாணம் தையில் நடந்தது. ஆனால் அந்த மத்தியானமே, இருபது வருஷமாக எங்களிடம்கூடச் சொல்லாததை அம்மா முன்பின் தெரியாத ஒருத்தியிடம் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.