நான் சொன்ன சபாஷ்

எங்கள் சங்கீதமெல்லாம் சேலத்தில் ஒரு நூல் மண்டியின் மாடியில்தான் நடந்தது. கீழே நூல் சிப்பங்கள், மேலே நாங்கள். பலகை போட்ட தளம். நெருக்கி உட்கார்ந்தால் அறுபது பேர் கொள்ளும். அறுபத்தோராவது ஆள் வந்தால் யார் மடியிலாவது உட்கார வேண்டியதுதான். ஒலிபெருக்கி கிடையாது, அதற்கு அவசியமும் இல்லை. பாடுகிறவர் எச்சில் விழுங்குவதுகூடக் கடைசி வரிசைக்குக் கேட்கும். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆரம்பித்தால் விளக்கு வைத்த சற்று நேரத்தில் மங்களம் பாடியாக வேண்டும். நூலுக்கு மேலே விளக்கு எரிந்தால் மண்டிக்காரருக்கு நெருப்புப் பயம். மாடிப்படியில் நின்றுகொண்டு இருமுவார். அதுதான் எங்களுக்கு மணி.

நான் சூரமங்கலம் ஸ்டேஷனில் தந்தி குமாஸ்தா. திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளை. எப்படியோ நாலெழுத்துப் படித்து ரயில்வேயில் ஒட்டிக்கொண்டேன். தந்தி மிஷின் ‘கட், கடகட’ என்று அடிப்பதைக் காதால் கேட்டுக் கையால் எழுத வேண்டும். எத்தனையோ பேர் அந்த வேலைக்கு வந்து திணறி ஓடியிருக்கிறார்கள். எனக்கு அது தண்ணீர் பட்ட பாடு. கோயம்புத்தூரில் அடிப்பவர் யார், ஈரோட்டில் அடிப்பவர் யார் என்று அடியை வைத்தே சொல்லிவிடுவேன். அந்தக் காதுதான் எனக்குச் சோறு போட்டது. அதே காதுதான் என்னைச் சனிக்கிழமைதோறும் நூல் மண்டி மாடிக்கு இழுத்துக்கொண்டு போனது.

சின்ன இடத்தில் பாடுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கூட்டத்தில் ஒரு முகத்தைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். அந்த முகத்தைப் பார்த்துத்தான் பாடுவார்கள். அது மலர்ந்தால் இன்னும் ஒரு சுற்றுப் பாடுவார்கள், வாடினால் சுருக்கி முடிப்பார்கள். எங்கள் மாடியில் அந்த முகம் என்னுடையது. இடது பக்கம், முதல் வரிசை, ஜன்னல் ஓரம். நான் ‘சபாஷ்’ என்று சொன்னால்தான் மற்றவர்கள் தலையாட்டுவார்கள். நானோ அதை லேசில் வாயிலிருந்து விடமாட்டேன். ஒரு கச்சேரிக்கு ஒன்று, அதிகம் போனால் இரண்டு. எவ்வளவு திமிர் பாருங்கள்! ஒரு ஸ்வரம் பாடத் தெரியாத பயல் நான்.

நாமக்கல்லிலிருந்து ஓர் அம்மாள் வந்து பாடுவார். வருஷத்துக்கு நாலைந்து முறை வருவார். மெலிந்த உடம்பு, வலது கை விரல்களில் மட்டும் ஒரு நடுக்கம். அவருடைய தங்கை பின்னால் உட்கார்ந்து தம்புரா மீட்டுவார். அந்த அம்மாள் காம்போதி ராகத்தை எடுத்து மேலே கொண்டுபோய், மேல் ஸ்தாயியில் காந்தார ஸ்வரத்தில் அப்படியே நிற்பார். கண்ணை மூடி, வாயைத் திறந்து, வலது கையை மேலே தூக்கி நிற்பார். அப்போது அந்த விரல்கள் நடுங்காது. அந்த இடத்தில்தான் நான் சபாஷ் சொல்வேன். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்குவார். கச்சேரி ஆரம்பிக்கும் முன்னால், “தந்தி ஐயா வந்துட்டாருங்களா?” என்று அவர் கேட்பதாக மண்டிக்காரர் சொன்ன அன்று, வீட்டுக்கு எப்படி நடந்து வந்தேன் என்றே எனக்குத் தெரியாது. அதைத் தவிர எங்களுக்குள் ஒரு வார்த்தை பேச்சுக் கிடையாது.

என் மனைவிக்குப் பாட்டென்றாலே எரிச்சல். “ஊட்டுல அடுப்புக்கு வெறகு இல்லீங்க, அங்க போயித் தொடையத் தட்டிக்கிட்டு உக்காந்தாச்சு” என்பாள். ஒரே ஒரு தடவை கூட வந்தாள். பாதியில் கொட்டாவி விட்டுவிட்டு, “ஏனுங்க, இந்தம்மா எதுக்கு இப்படி இழுத்துக்கிட்டே இருக்குது?” என்று கேட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு நான் கூப்பிடவும் இல்லை, அவள் வரவும் இல்லை.

தம்மம்பட்டிக் கோயில் திருவிழாவில் அந்த அம்மாள் பாடுகிறார் என்று கேள்விப்பட்டு லீவு போட்டுக்கொண்டு போனேன். மழை விட்ட சமயம். மலையடிவாரத்தில் கொசு அப்பிக்கொண்டிருந்தது. வேண்டாம், அந்தப் பக்கம் காய்ச்சல் இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். யார் கேட்டது? நாலு நாள் அங்கே கிடந்து கேட்டுவிட்டு வந்தேன். பத்தாம் நாள் குளிரும் காய்ச்சலும் தூக்கிப் போட்டது. மலேரியா என்று கொயினா மாத்திரை கொடுத்தார்கள். காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. வரும்போதெல்லாம் கொயினா. காதுக்குள் சில்வண்டு கத்த ஆரம்பித்தது. எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும், மாத்திரையை நிறுத்தினால் போய்விடும் என்றார்கள். நிறுத்தினேன். சில்வண்டு போயிற்று, அதோடு மற்ற எல்லாமும் போயிற்று. மூன்று மாதத்தில், முகத்துக்கு நேரே கத்தினால்தான் ஏதோ முணுமுணுப்புப் போலக் கேட்டது.

வெளியே சொன்னால் வேலை போய்விடும். காது கேளாத தந்தி குமாஸ்தாவை எந்த ரயில்வே வைத்துக்கொள்ளும்? மிஷினில் அடிக்கும் அந்தச் சிறு பித்தளைக் கோலின் மேல் இடது கை ஆள்காட்டி விரலை வைத்துக்கொண்டேன். அது துள்ளுவதை விரலால் படித்து வலது கையால் எழுதினேன். பார்ப்பவர்களுக்குச் சும்மா கையை வைத்திருப்பது போல இருக்கும். மனைவி ஒருத்திக்கு மட்டும் தெரியும். “உங்களுக்குக் காது அவிஞ்சு போச்சுங்க சாமி” என்று வாயை அகலத் திறந்து என் முகத்துக்கு எதிரே சொல்லிவிட்டு அழுதாள். அவள் உதடுகளைப் படிக்க அன்றுதான் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன்.

அதோடு கச்சேரிக்குப் போவதை நிறுத்தியிருக்க வேண்டும். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும், நிறுத்தவில்லை. என் இடம் காலியாக இருந்தால் கேள்வி வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். அந்த இடத்தை விட முடியவில்லை, அதுதான் நிஜம். பலகைத் தளத்தில் உள்ளங்கையை ஊன்றி உட்காருவேன். மிருதங்கத்தின் அடி பலகை வழியாகக் கைக்கு வரும். வயலின்காரரின் வில்லைப் பார்ப்பேன். எது முன்னால் வரும், எது பின்னால் வரும் என்பது பழகின விஷயம். ஆறு மாதம் எல்லோரையும் ஏமாற்றினேன். அந்த அம்மாளையும் இரண்டு முறை ஏமாற்றினேன். கை மேலே போகும், கண் மூடும், நான் சபாஷ் சொல்வேன். அவர் கண்ணைத் திறந்து பார்ப்பார். அந்தப் பார்வை ஒன்று போதும் என்று இருந்தது. என்ன கேவலம் என்று இப்போது தோன்றுகிறது.

மூன்றாம் முறை அவர் வந்த சனிக்கிழமை, மண்டிக்காரர் எழுந்து நின்று ஏதோ பேசினார். எல்லோரும் தலையாட்டினார்கள், நானும் ஆட்டினேன். அந்த அம்மாளுக்குப் பத்து நாளாகத் தொண்டை கட்டியிருக்கிறது, ஒப்புக்கொண்டுவிட்டதால் வந்திருக்கிறார், குறை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று அவர் சொன்னாராம். எனக்குத் தெரியாது.

அந்த அம்மாள் காம்போதி எடுத்தார். ராகத்தைத் தனியாக விரித்துப் பாடும்போது மிருதங்கம் சும்மா இருக்கும், அதனால் பலகை எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவர் மேலே மேலே போனார். கண் மூடியது. வாய் திறந்தது. கை மேலே போய் நின்றது. வயலின்காரர் வில்லை எடுத்துவிட்டார். தங்கையின் விரல்கள் தம்புராவில் நடந்துகொண்டே இருந்தன. மாடியில் ஒருவரும் அசையவில்லை. ஆஹா, இன்றைக்கு நிற்பது போல என்றைக்கும் நின்றதில்லை என்று நினைத்தேன். இத்தனை பேர் மூச்சுவிடாமல் இருக்கிறார்களே என்று எனக்கே கண்ணில் நீர் வந்தது.

“சபாஷ்!” என்றேன்.

என் குரலின் அளவு எனக்கே தெரியாத காலம் அது. நன்றாகக் கத்தியிருக்கிறேன்.

அந்த அம்மாளின் குரல் அதற்கு முன்பே உடைந்துவிட்டிருந்தது. காந்தாரத்தில் ஏறும் இடத்தில் கிழிந்து, அதன் பிறகு காற்றுத்தான் வந்ததாம். வாய் திறந்தபடி அவர் அதைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். என்ன செய்வதென்று தெரியாமல்தான் எல்லோரும் அசையாமல் இருந்தார்கள். நான் கத்தியதும் பின்வரிசையில் யாரோ சிரித்திருக்கிறார்கள். நான் சபாஷ் சொன்னால் தலையாட்டிப் பழகின கூட்டம் அல்லவா? சிரிப்பும் அப்படியே பரவியது. திரும்பிப் பார்த்தபோது பற்கள்தான் தெரிந்தன. அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். கையைக் கூப்பினார். எழுந்து படியிறங்கிப் போய்விட்டார். தங்கை தம்புராவைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார்.

என் பக்கத்தில் எப்போதும் உட்காரும் வக்கீல் குமாஸ்தா என் தோளைப் பிடித்து உலுக்கினார். அவர் வாய் அசைந்த வேகத்தில் கோபம் தெரிந்தது, வார்த்தை தெரியவில்லை. சிரிப்புச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, காகிதம் ஒன்றை எடுத்துக் கிறுக்கி நீட்டினார். ‘குரல் உடைந்துபோன மனுஷியைப் பார்த்து இப்படியா கேலி செய்வது?’

அப்போதே சொல்லியிருக்கலாம். ஐயா, நான் செவிடு, எனக்கு எதுவும் கேட்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் ஓடிப்போய் அந்த அம்மாளை நிறுத்தியிருப்பார். ஆனால் மூன்றாவது வரிசையில் எங்கள் ஸ்டேஷன் மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலை போனால் வீடு போகும், ரயில்வே குவார்ட்டர்ஸ். ஊருக்குத் திரும்பிப் போய் அண்ணனின் கடலைக் காட்டில் கைகட்டி நிற்க வேண்டும்.

“இப்படிப் பாடினால் வேறு என்ன சொல்வது?” என்றேன்.

என் வாயால் அதைச் சொன்னேன். அந்தப் பேச்சு நாமக்கல்லுக்குப் போய்ச் சேராமல் இருக்குமா? அந்த அம்மாள் அதன் பிறகு எங்கேயும் பாடவில்லை என்று, என் காது விஷயம் வெளியான பிறகு மண்டிக்காரர் எழுதிக் காட்டினார். தொண்டை சரியாகிவிட்டதாம், ஆனால் கூப்பிடப் போனவர்களிடம், “என்னை உட்டுருங்க, பாட்டு போச்சு” என்று கதவைச் சாத்திவிட்டாராம்.

இத்தனையும் செய்து காப்பாற்றிய வேலை ஒரு வருஷம்கூட நிற்கவில்லை. ரயில்வே டாக்டர் என் பின்னால் நின்று கடிகாரத்தைக் காதுக்குப் பக்கத்தில் பிடித்தார். கேட்கிறதா என்று கேட்டார் போலிருக்கிறது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அடுத்த மாதம் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு திருச்செங்கோட்டுக்குப் போனோம். அண்ணன் காட்டில் நிலக்கடலை பிடுங்கினேன். வாயைத் திறக்கப் பயந்து கிடந்த எனக்கு இனி பயப்பட ஒன்றும் இல்லை. இருந்தும் நாமக்கல்லுக்குப் போக மூன்று வருஷம் ஆயிற்று. வெட்கம். வேறு காரணம் சொல்ல மாட்டேன்.

யுத்த காலம். பெட்ரோல் இல்லாமல் பஸ்ஸெல்லாம் கரியில் ஓடிக்கொண்டிருந்தன. எனக்குக் காதாக இருப்பதற்கு மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். “நானும் வாரேனுங்க, ஆனா பாட்டுகீட்டுன்னா எந்திரிச்சு வந்துருவேன்” என்றாள். மலைக்கோட்டைக்குக் கீழே சின்னத் தெருவில் ஓட்டு வீடு. தங்கைதான் கதவைத் திறந்தார். என்னை அடையாளம் தெரிந்ததும் சாத்தப் போனார். உள்ளேயிருந்து அந்த அம்மாள் ஏதோ சொல்லியிருக்க வேண்டும், வழிவிட்டார்.

தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தம்மம்பட்டி, கொயினா, பித்தளைக் கோல், பலகை, ஸ்டேஷன் மாஸ்டர் எல்லாம். அன்று அந்தக் காந்தாரம் நின்றது என்றுதான் நினைத்தேன் என்று சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தங்கையிடம் திரும்பி ஏதோ சொன்னார். தங்கை மூலையில் உறை போட்டுச் சாத்தியிருந்த தம்புராவை எடுத்து வந்து, நெடுநேரம் சுருதி கூட்டினார்.

அவர் பாடினார். எனக்கு எதிரே, இரண்டு முழ தூரத்தில், என் முகத்தைப் பார்த்துப் பாடினார். சிமெண்டுத் தரையில் கையை ஊன்றிப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. கண் மூடியது. வாய் திறந்தது. கை மேலே போய் நின்றது.

அடப்பாவி, மறுபடியும் அதே இடம். குரல் நிற்கிறதா, உடைந்துவிட்டதா? மனைவியைப் பார்த்தேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். உடைந்துவிட்டது, பாவம் பார்த்து அழுகிறாள் என்று நினைத்தேன். இன்னொரு தடவை அந்த வார்த்தையைச் சொல்லி இவரைக் கொல்ல மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டேன்.

நிமிர்ந்தபோது அவர் பாடி முடித்திருந்தார். என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையைக் கூப்பிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.

பஸ் நிற்கும் இடத்துக்கு வந்ததும் மனைவி என் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். உதடுகளை மெதுவாக அசைத்தாள். “ஏனுங்க, அப்பிடிப் பாடுனாங்களே, ஒரு எடத்துலயும் தட்டலை. எனக்கே அழுகை வந்துருச்சு. காது கேக்காட்டியும் நீங்க சபாஷ் சொல்லுவீங்கன்னு உங்க மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தாங்க. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே சாமி?”

பஸ்ஸைக் கிளப்பக் கண்டக்டர் அதன் பின்னால் இருந்த கரி அடுப்பின் விசிறியைச் சுற்றிக்கொண்டிருந்தான். நான் திரும்பி ஓடினேன். நடுவில் இருந்த இரண்டு தெருவையும் எப்படித் தாண்டினேனோ தெரியாது. கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். பின்னால் ஓடிவந்த மனைவியும் கூப்பிட்டுப் பார்த்தாள். ஜன்னலில் தங்கை வந்து நின்று, வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு ஜன்னலையும் சாத்தினார்.

மூடின கதவைப் பார்த்து, “சபாஷ்!” என்றேன். இன்னொரு தடவையும் சொன்னேன். எதிர்வீட்டிலிருந்து இரண்டு பேர் வெளியே வந்து என்னைப் பார்த்தார்கள், அதனால் சத்தமாகத்தான் சொல்லியிருக்க வேண்டும். மனைவி என் கையைப் பிடித்து இழுத்தாள். கதவு திறக்கவில்லை.