தம்மாமில் இருந்தபடி குற்றாலத்தில் குளித்தவர்

என் வாட்சப் முகப்பில் பெயருக்குக் கீழே ‘அனிமேட்டர்’ என்று போட்டிருக்கிறேன். ஐம்பத்து மூன்று வயதில், காப்பீட்டு அலுவலகத்தில் கோப்புகளைப் புரட்டிப் பிழைக்கும் ஒருவன் இப்படிப் போட்டுக்கொள்வது சட்டப்படி குற்றமில்லை. இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையை நான் உள்ளே இருந்துதான் எழுத வேண்டியிருக்கும். இந்த ஆடி மாதம்வரை நான் அசைத்துக் காட்டியிருந்தது ஒரே ஒரு பந்து. அனிமேஷன் பழகுகிற எல்லோரும் முதலில் பந்தைத்தான் துள்ளவைப்பார்கள். என் பந்து மூன்றாவது துள்ளலில் மனம் மாறி அந்தரத்திலேயே நின்றுவிட்டது. இன்னும் இறங்கவில்லை.

வரைவது மட்டும் நிஜம். பல வருடமாகத் தினம் ஒரு படம். எவரிடமும் கற்றுக்கொள்ளவில்லை என்று நான் சொல்லவே வேண்டாம், படமே சொல்லிவிடும். மின்சார ரயிலில் தூங்குகிறவர்கள்தான் எனக்கு மாடல்கள். கூலி கேட்கமாட்டார்கள், விழித்துக்கொண்டால் முறைப்பதோடு சரி. வரைந்ததை ஒரு வாட்சப் குழுவில் போடுவேன். அங்கேதான் சிக்கந்தர் பழக்கமானார். தென்காசிக்காரர். சவூதியில், தம்மாமில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை. வந்து இறங்கும் அட்டைப்பெட்டிகளைக் கிழித்து, உள்பக்கத்தில் பேனாவால் தினம் ஒன்று வரைந்து அனுப்புவார். நான் அவரை நேரில் பார்த்ததே கிடையாது.

ஆடி மாதம் பிறந்ததும் ஊருக்கு வந்து குற்றால அருவியில் நிற்பவர், இந்த வருடம் வரவில்லை. குரலைப் பதிந்து அனுப்பினார்.

“அண்ணே, லீவு கிடையாதுன்னுட்டான். சாரல் ஆரம்பிச்சிட்டுன்னு எல்லாவனும் வீடியோவா அனுப்புதான். வீடியோவுல எவனோலா நிக்கான்! நீங்க அனிமேட்டர்தான? நான் குளிக்க மாதிரி ஒண்ணு வரைஞ்சு அனுப்புங்க. நாலு செகண்டு போதும். வெள்ளிக்கிழம எனக்கு லீவு, படுத்துக்கிட்டே பாப்பேன். இங்க கிடங்குக்குள்ள மைனஸ் பதினெட்டு அண்ணே. ஆனா அது குளிரே இல்ல.”

அந்தக் கடைசி வாக்கியத்துக்குப் பிறகு, “நான் அனிமேட்டர் இல்லை” என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இணையத்தில் அருவி வீடியோக்களைப் பார்த்து வீட்டிலேயே முயன்றேன். என் மனைவி எட்டிப்பார்த்து, “யாரு தாடி இது?” என்றாள். அன்றைக்கே டிக்கெட் எடுத்தேன்.

செவ்வாய், காலை ஏழரை மணி. எழும்பூரில் ஏறியவன் தென்காசியில் இறங்கினேன். அறுநூற்றைம்பது கிலோமீட்டர் சொச்சம், படுக்கை வசதிக்கு நானூற்றுச் சொச்சம். ஸ்டேஷனுக்கு வெளியே வெயிலும் தூறலும் ஒரே நேரத்தில் விழுந்துகொண்டிருந்தன. இரண்டில் எதுவுமே முழு மனதாக விழவில்லை. சிக்கந்தர் வீட்டுக்கு ஆட்டோ எண்பது ரூபாய்.

“சீசனுக்கா அண்ணாச்சி?” என்றார் ஓட்டுநர்.

“அருவியை வரையறதுக்கு.”

கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே ஓட்டினார். “அது எங்கயும் போகலியே அண்ணாச்சி, அங்கனயேதான கெடக்கு?”

வழியில் பெரிய கோபுரத்தின் வாசலைத் தாண்டினோம். அந்த வாசலில் எப்போதும் காற்று உண்டு. உள்ளே போனவர்களின் வேட்டிகள் கால்களோடு ஒட்டிப் பின்னால் படபடத்தன. காற்றைக் கண்ணால் பார்க்க முடியாது, வேட்டியைப் பார்த்தால் தெரிந்துவிடும். இதை நான் அப்போதே யோசித்திருந்தால் இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும்.

சிக்கந்தர் வீட்டில் அவருடைய மனைவி மைமூனும் அத்தாவும் இருந்தார்கள். அத்தாவுக்கு எழுபதைத் தாண்டிய வயது. கைலிக் கடை வைத்திருந்தவர். இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் வந்தன. நான் வந்த காரியத்தைச் சொன்னேன். முகத்துக்குப் போட்டோ இருக்கிறது, ஆனால் சிக்கந்தர் அருவிக்குள் எப்படிப் போவார் என்று தெரியாமல் வரைய முடியாதே என்றேன்.

அத்தா உடனே எழுந்தார். “தம்பி, எம் பிள்ள தண்ணியக் கண்டா நிக்க மாட்டான். ஒரே ஓட்டந்தான். இந்தா பாருங்க!” கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, கூடத்தில் டி.வி.யை நோக்கி நாலு எட்டு ஓடினார். நான் அவசரமாகக் கிறுக்கினேன்.

“மாமா, அது சின்ன வயசுல,” என்றார் மைமூன், சமையலறை நிலையில் நின்றபடி. “இப்ப அப்பிடியெல்லாம் போக மாட்டாங்க.”

“நீ எங்கம்மா பாத்த? ஆம்பளைங்க பக்கம் வேற, பொம்பளைங்க பக்கம் வேற.”

“எங்க பக்கம் நின்னு பாத்தா அங்கன தெரியும் மாமா. அவங்களுக்குக் காதுல தண்ணி போயிருமோன்னு பயம்.”

“எம் பிள்ளைக்கு என்னம்மா பயம்?”

“பயந்தான். பக்கத்துல போய் நிப்பாங்க. பின்னால வாரவங்களையெல்லாம் போ போன்னு விட்டுருவாங்க. அப்புறம் மூஞ்சிய இந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு, வலது தோள மட்டும் மொதல்ல குடுப்பாங்க.”

“தோளு எப்பிடி? கொஞ்சம் காட்ட முடியுமா?” என்று கேட்டேன். கேட்டது தப்போ என்று உடனே தோன்றியது. ஆனால் அவர் ஓர் அடி முன்னால் வந்தார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, முகத்தை இடப்பக்கம் திருப்பி, கண்ணை மூடி, வலது தோளைக் கொஞ்சமே கொஞ்சம் நீட்டினார். மேலே இருந்தது மின்விசிறி. ஆனாலும் தண்ணீர் விழப்போவதுபோல நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். மைமூன் தேவைக்கு மேல் ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு கண்ணைத் திறந்து, “இப்பிடித்தான்,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். வெகுநேரம் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. கழுவுவதற்கு அவ்வளவு பாத்திரம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

பகல் பன்னிரண்டு. தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர் சொச்சம். டவுன் பஸ்ஸில் எனக்குப் பத்து ரூபாய், பக்கத்தில் பலாப்பழத்தோடு உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு இலவசம், பலாப்பழத்தை யாரும் கேட்கவில்லை. லாட்ஜ் அறை, சீசன் விலை, ஆயிரத்து இருநூறு. பையை வைத்துவிட்டு பேரருவிக்குப் போனால், வெள்ளம். குளிக்கத் தடை. போலீஸ்காரர் விசில் ஊத, ஊரே தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று அருவியை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. எண்ணெய் தேய்த்து முடித்த சிலர் துடைக்கவும் முடியாமல், குளிக்கவும் முடியாமல் வறுக்கக் காத்திருக்கும் மீன்களைப்போல நின்றார்கள்.

நோட்டைத் திறந்தேன். அருவி நூறடி தள்ளி விழுந்தது. அதன் திவலை என் காகிதத்தில் விழுந்தது. ஈரக் காகிதத்தில் பென்சில் ஏறாது, கிழிக்கும். அதற்கும் ஒரு தந்திரம் கொண்டுபோயிருந்தேன். நோட்டையும் கையையும் சேர்த்துப் பெரிய பாலிதீன் பைக்குள் விட்டு, மணிக்கட்டில் ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டு வரைவது. வீட்டில் ஒத்திகை பார்த்தபோது நன்றாக இருந்தது.

“கையில என்ன அண்ணாச்சி, வெந்துட்டா?” என்று பக்கத்திலிருந்து ஓர் அம்மாள் பரிவோடு கேட்டார். சிவகிரியிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தவர்.

“இல்லம்மா, வரையறேன்.”

“பைக்குள்ளயா?” எட்டிப்பார்த்தார். “ஏங்க, இங்கன வாங்க! இவுக படம் போடுதாக. அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரரையும் ஒண்ணு போட்ருங்க. முடி மட்டும் கொஞ்சம் சேத்துப் போடுங்க.”

அவருடைய வீட்டுக்காரரை வரைந்து, கேட்ட முடியையும் கொடுத்தேன். அன்றைய நாளில் உருப்படியாக வந்தது அந்த முடி ஒன்றுதான். அருவி வழக்கம்போலத் தாடியாகத்தான் வந்தது.

புதன், காலை ஒன்பது. தடை நீங்கவில்லை. சித்திர சபைக்கு நடந்தேன். ஆடுகிற சுவாமி மற்ற ஊர்களில் சிலையாக நிற்கிறார். இங்கே சுவரில் ஓவியமாக இருக்கிறார். வாசலில் இருந்த காவலர், “போட்டோ எடுக்கக் கூடாது,” என்றார். “வரையலாமா?” என்று கேட்டேன். கேள்வி அவருக்குப் புதிது. என் நோட்டை வாங்கி நாலு பக்கம் புரட்டினார். “இப்பிடித்தான் வரைவீங்கன்னா தாராளமா வரைங்க, யாருக்கும் அடையாளம் தெரியாது,” என்று திருப்பிக் கொடுத்தார்.

நான் வரையவில்லை. பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒரே ஒரு படம். ஒரு நொடிக்குப் பன்னிரண்டு படம் என்ற கணக்கெல்லாம் அதற்குக் கிடையாது. ஆனாலும் ஆடிக்கொண்டிருந்தது. இதை வரைந்த மனிதர்கள் முகப்பில் என்ன போட்டுக்கொண்டார்களோ தெரியாது. எனக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சல் பொறாமையில்லை. பொறாமை என்றால் பழகிய வலி, தெரிந்திருக்கும். இது, ரயில் கிளம்பிப் போவதைப் பிளாட்பாரத்தில் நின்று பார்க்கிறவனின் வயிறு. இருபது வயதில் ஏறியிருக்க வேண்டிய வண்டி.

பகல் இரண்டு மணிக்குத் தடை நீங்கியது. கூட்டம் உள்ளே பாய்ந்தது. நான் பாலிதீன் பையோடு ஓரமாக நின்று வரைந்தேன். ஒன்றும் சரியாக வரவில்லை. நாளை மாலை ரயில், வெள்ளிக்கிழமை சிக்கந்தர் படுத்துக்கொண்டு போனைப் பார்ப்பார். எரிச்சலில் பையை ஒரு கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, நானும் உள்ளே போனேன்.

பக்கத்தில் போனதும் கால் தானாக நின்றது. பின்னால் வந்தவரை “நீங்க போங்க,” என்றேன். அடுத்தவரையும். அப்போதுதான் கவனித்தேன், என் முகம் இடப்பக்கம் திரும்பியிருந்தது, வலது தோள் முன்னால் போயிருந்தது. மைமூன் காட்டியதை நினைத்துக்கொண்டு செய்ததில்லை, தானாக நடந்தது. அடுத்த நொடி மலை மேலிருந்து யாரோ மூட்டை மூட்டையாக என் கழுத்தில் இறக்கினார்கள். தோள் இரண்டும் காதுக்கு ஏறின, தலை நெஞ்சுக்குள் போனது, வாய் திறந்தது, உலகத்தின் சத்தமெல்லாம் அணைந்துபோனது.

இத்தனை நாளும் நான் தண்ணீரை வரைந்துகொண்டிருந்தேன். அதன் கீழே ஒரு மனிதரை வீட்டு ஷவரில் நிற்பதுபோல விறைப்பாக நிறுத்தியிருந்தேன். தண்ணீருக்கு நாலு கோடு போதும். அடி வாங்குகிற கழுத்தைத்தான் வரைய வேண்டும்.

ஈரத்தோடு லாட்ஜுக்கு ஓடினேன். கீழ்ப்படத்தின் மேல் மெல்லிய தாளை வைத்து அடுத்த அசைவை வரைவதற்கு வெளிச்சப் பெட்டி வேண்டும். என்னிடம் இருந்தது ஜன்னல் கண்ணாடி. தாளை அதில் ஒட்டி, வெளிச்சம் இருந்த மட்டும் நின்றுகொண்டே வரைந்தேன். வியாழன் காலை மறுபடியும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சாரல், இந்தப் பக்கம் சிக்கந்தர். தயங்குகிறார். வழிவிடுகிறார். முகத்தைத் திருப்புகிறார். தோளைக் கொடுக்கிறார். மைமூன் கூடத்தில் நின்ற அந்தக் கூடுதல் கணத்துக்கு மட்டும் ஆறு தாள்கள் செலவிட்டேன். மதியம் கடைசித் தாளை ஒட்டியபோது மொத்தம் நாற்பத்தெட்டு. நாலு நொடி. வாழ்க்கையில் நான் முதல்முறையாக எதையோ முடித்திருந்தேன். கொண்டாட ஆள் இல்லாததால் இரண்டு பரோட்டா அதிகமாகச் சாப்பிட்டேன்.

வியாழன் மாலை தென்காசியில் ரயில் ஏறினேன். தாள்களைப் போனில் ஒவ்வொன்றாகப் படமெடுத்து, படங்களைக் கோர்க்கும் செயலியில் போட்டேன். மேற்கே மலை மேகத்துக்குள் போய்விட்டிருந்தது. சென்னையில் எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் லாரியில் வரும், மோட்டாரில் ஏறும், குழாயில் இறங்கும். அதன் கீழே நிற்க யாரும் ஏங்கி நான் கேட்டதில்லை. இங்கே பிறந்தவர்களுக்கு ஒரு கஷ்டம், எங்கே போய்ச் சம்பாதித்தாலும் கழுத்தில் ஓர் இடம் காலியாகவே இருக்கும்போல. சங்கரன்கோவிலில் சிக்னல் நன்றாக இருந்தது. ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்திருக்கலாம். பெருமை விடவில்லை. அனுப்பிவிட்டேன்.

வெள்ளி, காலை. தாம்பரம் நெருங்கும்போது பதில் வந்தது.

“அண்ணே, என்ன அண்ணே இது? தண்ணி மலைக்கு ஏறுது! நான் முழுசா நனைஞ்சு நிக்கேன், அப்புறம் காஞ்சு போய் பின்பக்கமா நடந்து வெளிய போறேன். லீவு முடிஞ்சு ஏர்போர்ட்டுக்குக் கெளம்புத மாதிரிலா இருக்கு!”

செயலி கடைசியாக எடுத்த படத்தை முதலில் வைத்துக் கோர்த்திருந்தது. பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல், எழும்பூர் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்து வரிசையைத் திருப்பிப் போட்டு அனுப்பினேன்.

மதியம் ஒரு குரல் பதிவு வந்தது. முதலில் ஏசி இரைகிற சத்தம் மட்டும். அப்புறம், “அண்ணே, அந்தத் தோளு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“வீட்டில் காட்டினார்கள்,” என்று எழுதினேன். இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. அன்றைக்கு, முதல் தடவையாக, குழுவில் அவருடைய அட்டைப்பெட்டிப் படம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மைமூன் போனில் பேசினார். படம் அவருக்கும் வந்திருந்தது, அத்தாவுக்கும் காட்டினாராம். பாராட்டை வாங்கிக்கொள்ள நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“நல்லாத்தான் இருக்கு அண்ணே. ஆனா மொதல்ல தப்பா அனுப்புனீங்களாமே, அதையே விட்ருக்கலாம். அதுலயாவது வெளிய வந்துருதாங்க. இதுல உள்ள போனவங்க நனைஞ்சுக்கிட்டே நிக்காங்க. தடுமன் பிடிச்சா அங்கன யாரு கசாயம் போட்டுக் குடுப்பா?”