வெளுத்த மோதிரம்

வீட்டில் அவளுக்கு ரசவாதி என்று பேர். எந்நேரமும் பாதரசத்தோடு மாரடிக்கிறாளே என்று மாமியார் சூட்டிய பட்டம். “தங்கம் எப்பம்மா வரும்?” என்று சோறு போடும்போதெல்லாம் கேட்பார்.

அவள் செய்ய நினைத்தது தங்கமல்ல. காந்தங்களில் சேர்க்கிற அருமண் உலோகம் ஒன்றையும் பாதரசத்தையும் குழாயில் அடைத்து, உலையில் வாரக்கணக்கில் இளஞ்சூட்டில் வைத்து, இரண்டும் கூடிய படிகத்தை எடுக்க வேண்டும். பிறகு எக்ஸ்ரே கதிர் பாய்ச்சி, உள்ளே அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று பார்க்க வேண்டும். படிகமோ சரியான தொட்டாற்சிணுங்கி. காற்றுப் பட்டால் கறுத்துப் பொடியாகிவிடும். அதனால் எல்லா வேலையும் எதோடும் வினைபுரியாத ஆர்கான் வாயு நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள்தான். பெட்டியோடு பொருத்திய ரப்பர் கையுறைகளுக்குள் கையை விட்டுத்தான் எதையும் தொட முடியும்.

ஆனால் பெட்டிக்குள்ளேயே படிகங்கள் கறுத்தன. வாயுவை மாற்றினாள், உலோகத்தை மாற்றினாள், பலனில்லை. ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியை நல்லவர்தான், அவர் பொறுமைக்கும் அளவுண்டு. “இன்னும் ஒரு தடவை பாரும்மா. வரலேன்னா வேற தலைப்பு எடுத்துக்கலாம்.” வருஷக்கணக்கான உழைப்பு ஆற்றில் கரைத்த புளியாகிவிடும்.

பாதரசம் உள்ள அறைக்குள் தங்கம் கூடாது; பாதரசம் பட்டால் தங்கம் வெளுத்துவிடும். வாசலிலேயே கழற்றி வைத்துவிட வேண்டும். அன்று காலைதான், பஸ் ஓட்டப் போகும் அவசரத்திலும் கணவர் அவள் விரலில் புது மோதிரம் ஒன்றை மாட்டிவிட்டிருந்தார். பழகாத நகை, சுத்தமாக மறந்துவிட்டாள். மாலையில் கையை வெளியே எடுத்தால், மோதிரத்தின் அடிப்பக்கம் வெள்ளைவெளேரென்று இருந்தது. அவளுக்கு அழுகை முட்டியது. அப்புறம்தான் உறைத்தது: கையுறைக்குள் இருந்த விரலுக்குப் பாதரசம் எப்படி வந்தது? அது வந்த வழியில் காற்றும் போயிருக்குமே. தேடிப் பார்த்ததில், மோதிர விரலின் மடிப்பில் ஊசி முனை அளவு ஓட்டை.

வீட்டில் பயந்துகொண்டே கையை நீட்டினாள். “மோதிரம் கெடக்கட்டும், உனக்கு ஒண்ணும் ஆகலியே?” என்றார் கணவர். இப்படி ஒரு மனிதர் வாய்த்ததற்கு எந்தச் சாமியைக் கும்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கையுறை மாறியது. அடுத்த படிகம் கறுக்கவில்லை. எக்ஸ்ரே படத்தில் புள்ளிகள் வரிசை பிசகாமல் நின்றன. ஒவ்வோர் அருமண் அணுவையும் பாதரச அணுக்கள் சூழ்ந்து கூடு கட்டியிருந்தன.

கட்டுரையின் கடைசியில், நன்றிக்குரியவர்களோடு கணவர் பெயரையும் சேர்த்திருந்தாள். பேராசிரியை அதில் விரலை வைத்தார்.

“உலை பாத்தவரு, எக்ஸ்ரே எடுத்தவரு, சரி. இவரு என்ன பண்ணினாரு?”

“மோதிரம் போட்டுவிட்டாரு, மேடம்.”

பேராசிரியை அந்தப் பெயரை முதலாவதாக நகர்த்தி வைத்தார்.