சங்கிலி வளையத்தில் ஒரு சொட்டு அமிலம்

உலோகத்தைக் கண்ணாடிபோல் மினுக்கி, அதன்மேல் ஒரு சொட்டு அமிலம் விட்டு, அது கடிபடுவதை நுணுக்குக்காட்டியில் பார்ப்பதுதான் எங்கள் தொழில். அதில் மினுக்குகிறவள் நான், பார்ப்பவர் ஆய்வுகூடத்தை நடத்தும் சேர். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்குக் கொட்டாஞ்சேனையில் இப்படியொரு வேலை கிடைத்தது பெரிய காரியம் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கென்றால் காலையில் கதவைத் திறக்கும்போதே இன்றைக்கு எதைக் கெடுக்கப் போகிறேனோ என்றிருக்கும். பிறருடைய பொருளைக் கையில் வாங்கி, அது கெட்டுவிடக்கூடாதே என்று பயந்து சம்பளம் எடுக்கிற எல்லோருக்கும் இந்தக் கலக்கம் தெரியும். இந்த வருடம் வந்த ஒரு சங்கிலி வளையத்தைப் பற்றி உங்களிடம்தான் சொல்லலாம்.

புளி

கொச்சிக்கடையிலிருந்து ரீட்டா என்ற பெண் உடைந்த வளையமொன்றைக் கைலேஞ்சியில் சுற்றிக்கொண்டு வந்தாள். அவள் கணவன் அன்ரன் துறைமுகத்துக்கு அருகே ஒரு பண்டகசாலையில் பாரம் தூக்கும் இயந்திரத்தை ஓட்டுகிறவன். சங்கிலி அறுந்து, கீழே நின்ற அவனுடைய சிநேகிதன் குமாரின் கால் நசுங்கிவிட்டது. அன்ரன் அளவுக்கு மிஞ்சித் தூக்கியதால்தான் அறுந்தது என்றது கொம்பனி. சங்கிலியில் முன்பே வெடிப்பு இருந்திருக்க வேண்டும் என்றான் அன்ரன். குமாரும் அவனும் ஒரே ஒழுங்கையில் குடியிருப்பவர்கள். அன்ரன் வெளியே தலை காட்டுவதையே விட்டுவிட்டானாம். வேலை போனாலும் பரவாயில்லை, குமாரின் முகத்தைப் பார்க்க ஒரு வழி வேண்டும் என்பதுதான் ரீட்டாவின் கவலை.

பழைய வெடிப்பு என்றால் உடைந்த முகத்தில் துரு இருக்கும். நான் கைலேஞ்சியை அவிழ்த்தேன். வளையம் பூசைக்கு வைத்த குத்துவிளக்குப்போல் பளபளத்தது. துருவின் தடமே இல்லை. இதை யார் கழுவினது என்று கேட்டேன்.

"நான்தான் அக்கா. துருவோட கொண்டு வந்தா மரியாதை இல்லன்னு புளி போட்டு நல்லாத் தேச்சிட்டேன்."

பஸ்ஸில்

உடைந்த இடத்துக்குப் பக்கத்தில் மயிர்போல ஒரு கோடு உள்ளே போவதைச் சேர் கண்டுபிடித்தார். அந்த இடத்தை இரண்டு துண்டாக வெட்டி எடுத்தோம். மினுக்கும்போது இரும்பு இழுபட்டு வெடிப்பின் வாயை மூடிவிடும். அமிலம்தான் அதைத் திறக்கும். ஆனால் அதே அமிலம் உள்ளே இருக்கும் துருவையும் கரைத்துவிடும். முதல் துண்டுக்கு விட்ட அமிலம் கொஞ்சம் கடுமையாகி, கழுவிப் பார்த்தபோது முகம் முழுவதும் கறுத்திருந்தது. மிச்சம் ஒரு துண்டுதான்.

அன்று பின்னேரம் வெள்ளவத்தைக்குப் போகும் பஸ்ஸில் இருந்தேன். கொள்ளுப்பிட்டி தாண்டும்போது சேர் கைபேசியில் விசாரித்தார். சனநெரிசலில் நான் கத்தித்தான் பதில் சொன்னேன். "ஓம் சேர், கடிக்க விட்டனாங்கள். கூடக் கடிச்சிட்டுது. ஒண்டு முழுக்கக் கறுத்துப் போச்சு. மற்றதை நாளைக்குக் கடிக்க விடுவம்."

பக்கத்துச் சீற்றில் இருந்த பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மெதுவாக என் பக்கம் சாய்ந்தார்.

"பிள்ளை, மற்றதையாவது நாயிட்டை விடாதேங்கோ. கறுத்ததை இப்பவே களுபோவிலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கோ."

திறந்த வாய்

அடுத்த நாள் சேர் கழுவிப் பார்க்கும் பேச்சை விட்டுவிட்டார். அமிலம் கடிக்கக் கடிக்கவே பார்ப்பது என்று முடிவாயிற்று. நுணுக்குக்காட்டியின் கண்ணாடிக்குக் கீழே துண்டை வைத்தேன். என் கை வேர்வை பட்டுவிடுமோ என்று கையுறையை இரண்டு தரம் மாற்றினேன். எங்கள் இரசாயனக்காரன் ரிஸ்வான், "அக்கா, நீங்க மூச்சு விடுங்க, நீங்க விழுந்தா தூக்க இங்க சங்கிலி இல்ல" என்றான். யாரும் சிரிக்கவில்லை. ரீட்டா சுவரோரம் கதிரையின் நுனியில் இருந்தாள்.

சொட்டு விழுந்தது. திரையில் முதலில் ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளை. பிறகு தரைக்கு ஓடு பதித்ததுபோல் இரும்பின் மணிகளுக்கு ஒவ்வொன்றாக ஓரக்கோடு விழுந்தது. அவற்றுக்கு நடுவே ஒரு கோடு வாய் திறந்தது. வாயருகே வெறுமை. உள்ளே போகப் போகச் சாம்பல் நிறத்தில் துரு, படை படையாக அடைந்து கிடந்தது. ரிஸ்வான் படத்துக்கு மேல் படம் எடுத்தான். சற்று நேரத்தில் துருவின் ஓரங்கள் கரையத் தொடங்கின. "காணும், நிப்பாட்டுங்கோ" என்றார் சேர். "பழைய வெடிப்பு. அறுந்த அன்றைக்கு வந்ததல்ல."

ரீட்டா எழுந்து வந்து திரையைத் தொடாமல் விரலை நீட்டினாள்.

"அப்ப என் புளி அங்க போய்ச் சேரல, என்ன அக்கா?"

ஒழுங்கையில்

சேருடைய அறிக்கை ரீட்டாவின் சட்டத்தரணியிடம் போனது. கொம்பனி பாரத்தைப் பற்றிய கதையை அத்தோடு நிறுத்திக்கொண்டது. ஆனால் நான் வந்து சொன்னால்தான் அன்ரன் நம்புவான் என்று ரீட்டா என்னைக் கையோடு கூட்டிப் போனாள்.

படத்தைக் கண்டதும் அவன் முகம் தெளியும் என்று நினைத்தேன். அவன் துருவைக் காட்டி, "இது எவ்வளவு காலமா இருந்திருக்கும்?" என்று கேட்டான். மாதக்கணக்காக இருக்கலாம் என்று சேர் சொன்னதைச் சொன்னேன். அவன் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டான். "அப்ப இத்தனை மாசமும் அவனை அதுக்குக் கீழதான நிக்க வச்சிருக்கேன்" என்றான். நான் ஏன் வாயைத் திறந்தேன் என்றாகிவிட்டது. ரீட்டா என்னைப் பார்த்தாள். நான் படத்தை அவன் கையிலிருந்து மெதுவாக எடுத்தேன்.

வாசலில் ஊன்றுகோல் சத்தம் கேட்டது. கூப்பிடாமலே குமார் வந்து நின்றான். யாரோ சொல்லியிருக்க வேண்டும். படத்தை வாங்கி, தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு அன்ரனின் மடியில் போட்டான்.

"ஒனக்கு மட்டும் என்னடா அழுகை? தினமும் அதுக்குக் கீழ நின்னு அண்ணாந்து பாத்தவன் நான், எனக்கே தெரியலையே மச்சான்."

இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: வெள்ளவத்தையில் எங்கள் மாடிவீட்டுக்குக் கம்பியில் தொங்கும் நல்ல லிஃப்ட் இருந்தும், முழங்கால் வலியோடு நான் இப்போது படியேறித்தான் போகிறேன்.