மார்லீன் அச்சடித்த துணை அதிபர்

தொலைக்காட்சியின் சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டு, அதிபர் வேட்பாளர் விட்கோம்பின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள் மார்லீன். அமெரிக்காவின் டொலிடோ நகரில் அவள் வீட்டுக் கார் கொட்டகைதான் பட்டறை. தேர்தல் வந்தால் சட்டையில் குத்தும் பேட்ஜ் செய்து, கூட்டத்துக்குக் கூட்டம் போய் விற்பாள். துணை அதிபர் வேட்பாளரை அறிவிக்கும் நாளில், இரண்டு பெயரும் போட்ட பேட்ஜ் யாரிடம் இருக்கிறதோ அவருக்குத்தான் வியாபாரம். அதனால் முன்பே ஊகித்து அடித்துவிடுவாள்.

"இவன் பேசினா ஐஸ்பெட்டி பேசுற மாதிரி இருக்கு. பக்கத்துல வாய்விட்டுச் சிரிக்கிற ஆளு வேணும். ரோசலின் டேட்தான்!"

"அவ மாநிலத்துல ஓட்டை விட மாடுதான் ஜாஸ்தி. பெரிய மாநிலமா பார்த்துத்தான் எடுப்பான்" என்றார் கணவர் வர்ஜில்.

"என்னைக் கட்டிக்கிறப்போ எத்தனை ஓட்டு எண்ணினே?"

வர்ஜில் காலிப் பெட்டிகளை எடுத்துவரப் போனார். 'விட்கோம்ப் – டேட்' பெட்டி பெட்டியாகத் தயாரானது.

முந்தைய தேர்தல்களில் ஊகம் தப்பி விற்காமல் போன பேட்ஜுகளைச் சமையலறைத் திரைச்சீலையில் குத்தி வைத்திருக்கிறாள். வருகிறவர்களிடம், "இதெல்லாம் நடக்காத ஆட்சிங்க" என்று காட்டிச் சிரிப்பாள். ஆனால் இந்த முறையும் ஊகம் தப்பினால் பட்டறையை மூடிவிடுவதாக அவளே சொல்லியிருந்தாள்.

சந்தைத் திடலில் அறிவிப்பு. மார்லீனும் வர்ஜிலும் பெட்டிகளோடு போய்க் கடை விரித்திருந்தார்கள். மேடையேறியது டேட் அல்ல. கட்சிக்குள் நடந்த போட்டியில் விட்கோம்பை வறுத்தெடுத்த ஷிமான்ஸ்கி. மார்லீன் பேட்ஜ் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எதிரியையே கூட்டிக்கிட்டு வந்துட்டானே!"

"அந்தாளோட ஜனங்க கோவிச்சுக்கிட்டு வீட்டுல உக்காந்துடக் கூடாதுல்ல" என்றார் வர்ஜில்.

அப்போது ஷிமான்ஸ்கி, விட்கோம்பின் காதில் ஏதோ சொன்னார். ஐஸ்பெட்டி உருகியது. கண்ணில் நீர் வர, மைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் விட்கோம்ப். திடலே சேர்ந்து சிரித்தது.

"பார்த்தியா! பேருதான்யா தப்பு. நான் சொன்ன மாதிரி ஆளுதான்!" மார்லீன் குதித்தாள். பேனாவை எடுத்து ஒரு பேட்ஜில் டேட் பெயரின் மேல் கோடு கிழித்தாள். கீழே புதுப் பெயரை எழுதப் போனவள் முதல் எழுத்திலேயே நின்றாள்.

"எப்படிய்யா எழுதுறது இதை?"

அம்மா வழியில் போலந்துக்காரரான வர்ஜில் நிதானமாகச் சொன்னார்: "எஸ்... இஸட்... ஒய்... எம்..."

கையால் திருத்திய பேட்ஜ் என்றதும் ஜனம் மொய்த்தது. "எனக்கு ரெண்டு!" "டேட் பேரு நல்லாத் தெரியணும்மா, அதான் வேடிக்கை!" வரிசை வளைந்து வாசல் வரை போனது.

மார்லீன் தான் உட்கார்ந்திருந்த பெட்டியில் நகர்ந்து இடம் விட்டாள். இன்னொரு பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றி, நிமிர்ந்து பார்க்காமலே வர்ஜிலிடம் நீட்டினாள்.